பிள்ளைக்குத் தண்ணீர் எப்போது, எவ்வளவு, எதில்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை வெயில் தொடங்கிச் சோளகம் அடித்து ஓயும் வரைக்கும் கிளினிக்கில் தாய்மாரும் அம்மம்மாமாரும் கேட்பவை பெரும்பாலும் இவைதான். பிறந்ததிலிருந்து 3 வயது வரையான பிள்ளைகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. நிறை குறைந்து பிறந்த பிள்ளை, இருதயம் அல்லது சிறுநீரகத்தில் நோயுள்ள பிள்ளை என்றால் இங்குள்ள அளவுகள் பொருந்தா. பார்க்கும் டொக்டர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள்.

நாலு மாதப் பிள்ளை. வெயில் கொளுத்துது, நாக்கு வறண்ட மாதிரி இருக்கு. ஒரு மிடறு தண்ணி குடுத்தால் என்ன?

கொடுக்க வேண்டாம். 6 மாதம், அதாவது 180 நாள், முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர். கிளிநொச்சி வெயிலாக இருந்தாலும் மன்னார் வெயிலாக இருந்தாலும் அது போதும். பிள்ளை வழக்கத்தைவிட அடிக்கடி கேட்கும், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். வெயில் நாளில் சில பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் மட்டும் குடித்துவிட்டு விலகும். அது தாகத்துக்குக் குடிப்பது, பால் பற்றாமல் அல்ல.

தண்ணீர் ஏன் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பினால் அந்த அளவுக்குப் பால் உள்ளே போகாது. பிள்ளை உறிஞ்சுவது குறைந்தால் தாய்க்குச் சுரப்பதும் குறையும். இரண்டாவது, கிணற்றுத் தண்ணீரோடு வயிற்றோட்டமும் வரும். மூன்றாவதைத்தான் பலர் அறிவதில்லை: இந்த வயதில் சிறுநீரகம் முதிரவில்லை. கூடுதலான தண்ணீரை அதனால் வெளியேற்ற முடியாது. அப்போது இரத்தத்தில் உப்புச்சத்து நீர்த்துப்போய், பிள்ளை சோர்ந்து, வலிப்புக்கூட வரலாம்.

தண்ணீர் குடிக்க வேண்டியவர் தாய். பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கட்டும்.

பால் காணுதோ இல்லையோ என்று எப்படித் தெரியும்?

சலம் போவதைப் பாருங்கள். பிறந்து 5 நாள் கழிந்த பிறகு 24 மணித்தியாலத்தில் குறைந்தது 6 தடவை நன்றாக நனைய வேண்டும். நிறம் வெளிறியிருக்க வேண்டும். கடும் மஞ்சளாக, வாடையோடு போனால் பால் போதவில்லை.

பிறந்த முதல் சில நாளில் துணியில் செங்கல்தூள் போல ஒரு செம்மஞ்சள் கறை தெரியலாம். அது யூரேற் உப்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 5ஆம் நாளுக்குப் பிறகும் தொடர்ந்தால் அன்றைக்கே குடும்பநல உத்தியோகத்தருக்குக் காட்டுங்கள்.

துணி கட்டினால் நனைந்ததை எண்ணுவது சுலபம். பம்பர்ஸ் போட்டால் உறிஞ்சிவிடும், கைக்குத் தெரியாது. ஒரு புதிய பம்பர்ஸில் மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 மி.லீ. தண்ணீரை ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். நன்றாகச் சலம் போன பம்பர்ஸ் அந்த எடைக்குக் குறையாது. ஒருமுறை தூக்கிப் பழகினால் பிறகு ஊற்றிப் பார்க்கத் தேவையில்லை.

இறுதியான சாட்சி நிறைதான். கிளினிக் கொப்பியில் உள்ள கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் பால் காணும். அயலவர் சொல்வதைவிட அந்தக் கோட்டை நம்புங்கள்.

மாப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் இதே விதியா?

6 மாதம் வரை அந்தப் பிள்ளைக்கும் மற்ற உணவோ பானமோ தேவையில்லை. வெயில் நாளில் ஒரு தடவைக்குரிய அளவைக் கொஞ்சம் குறைத்து, தடவைகளைக் கூட்டுங்கள். அதற்குப் பிறகும் சலம் குறைவாகப் போனால், கொதித்தாறிய நீர் கொஞ்சம் கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். செய்யவே கூடாத ஒன்று உண்டு: தாகம் தீரட்டும் என்று பாலைத் தண்ணியாகக் கரைப்பது. மா விலை ஏறும்போதும் இது நடக்கிறது. பேணியில் எழுதியிருக்கும் கரண்டிக்கணக்கு மாறவே கூடாது. தண்ணீர் கூடினால் பிள்ளைக்குச் சத்தும் உப்பும் குறையும். மா கூடினால் சிறுநீரகத்துக்குச் சுமை, தாகமும் ஏறும்.

மா கரைக்கும் தண்ணீர் கொதித்து அரை மணித்தியாலத்துக்குள், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். மாவிலேயே இருக்கக்கூடிய கிருமி அந்தச் சூட்டில்தான் சாகும். கரைத்தபின் ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

ஓமத்தண்ணி, சீனித்தண்ணி, கற்கண்டுத் தண்ணி, தேன்?

6 மாதத்துக்கு முன் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் தொட்டுவைக்கவும் கூடாது. சுத்தமான காட்டுத் தேனிலும் பொற்றுலிசம் என்னும் வாத நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், காய்ச்சினாலும் அவை சாகா.

6 மாதம் முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்?

6 முதல் 12 மாதம் வரை ஒரு நாளைக்கு 120 முதல் 240 மி.லீ. போதும். அதுவும் தொடங்கிய கிழமையிலேயே அல்ல. முதல் நாட்களில் சாப்பாட்டோடு இரண்டு மூன்று மிடறு. பழகப் பழக, 8 அல்லது 9 மாதத்தில் அந்த அளவுக்கு வந்து சேரும். இந்த வயதில் முதன்மையான பானம் இன்னும் பால்தான். தண்ணீர் சாப்பாட்டுக்குத் துணை, மலம் இறுகாமல் இருக்கவும் உதவும்.

ஒரு வயதிலிருந்து 2 வயது வரை, பாலைத் தவிர 250 மி.லீ.யிலிருந்து 1 லீற்றர் வரை. இடைவெளி ஏன் இவ்வளவு என்றால், தாய்ப்பால் நிறையக் குடிக்கும் பிள்ளைக்கும் பால் குறைந்த பிள்ளைக்கும், மாரியில் வீட்டுக்குள் இருப்பதற்கும் வைகாசியில் முற்றத்தில் ஓடுவதற்கும் தேவை ஒன்றல்ல. பால், கஞ்சி, சொதி, பழம் எல்லாவற்றிலுமிருந்து சேரும் நீரையும் கணக்கிட்டால் 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1.3 லீற்றர் அளவில் வரும். மி.லீ. அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. சலம் வெளிறிப் போகிறதா, வாய் ஈரமாக இருக்கிறதா, பிள்ளை விளையாடுகிறதா என்று பார்த்தால் போதும்.

சாப்பாட்டுக்குச் சற்று முன் தண்ணீரால் வயிற்றை நிரப்பாதீர்கள். "என்ர பிள்ளை சோறு தின்னுதில்லை" என்ற முறைப்பாட்டைத் துருவினால், பலமுறை சாப்பாட்டுக்கு முன் குடித்த பாலோ சோடாவோ வெளியே வரும்.

எங்கள் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் போதாதா?

கிருமிக்குப் போதும். வன்னியில் பிரச்சினை கிருமி மட்டும் அல்ல.

கொதிக்கவைப்பதன் முறை: குமிழி பொங்கிக் கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றும்போதும், தம்ளரை உள்ளே விட்டு அள்ளும்போதும்தான் கிருமி திரும்ப ஏறுகிறது. பைப் வைத்த மூடிய பாத்திரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீண்ட பிடியுள்ள ஒரு அகப்பையை அதற்கென்றே வையுங்கள். பிள்ளைக்குக் கொதிக்கவைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஆனால் புளோரைட், நைத்திரேற்று, கல்சியம், உப்பு ஆகியவை கொதியில் போகா. தண்ணீர் வற்ற வற்ற அவை செறியும். "நல்லாக் கொதிக்கட்டும்" என்று அரை மணித்தியாலம் அடுப்பில் விடுவது அதனால்தான் பிழை. வவுனியா மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட் கூட. காரணம் தெளிவாகப் பிடிபடாத சிறுநீரக நோய் உள்ள பிரதேசங்களில் வவுனியாவும் ஒன்று. புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கை நியமம் 1.0. அதற்கு மேலான நீரைச் சின்ன வயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பற்களில் வெள்ளைக் கோடும் பழுப்புக் கறையும் விழும். அது பிறகு மாறாது.

நைத்திரேற்று வயலும் தோட்டமும் உள்ள இடத்துக் கதை. யூரியா போட்ட நிலத்துக்குப் பக்கத்துக் கிணறு, மலசலகூடக் குழிக்கு அருகிலுள்ள கிணறு இரண்டிலும் சந்தேகம் வேண்டும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். 6 மாதத்துக்குக் குறைந்த, மாப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இது பேராபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

சுவையை வைத்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. சவர்த்தண்ணி என்று நாக்குச் சொல்லும், கேத்திலில் வெள்ளைப் படிவு கண்டால் கல்சியம் என்று தெரியும். புளோரைட்டுக்கும் நைத்திரேற்றுக்கும் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. பரிசோதனை ஒன்றே வழி. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள். குழாய்க்கிணறு ஆழமானது, ஆகவே நல்லது என்ற நம்பிக்கையும் பிழை. கிருமி குறைவாக இருக்கலாம், ஆனால் பாறையிலிருந்து கரையும் புளோரைட் அதில்தான் பெரும்பாலும் கூடுதல்.

எல்லை தாண்டிய கிணறு என்றால் பிள்ளைக்குக் குடிக்கவும், மா கரைக்கவும், கஞ்சி காய்ச்சவும் குழாய்நீர்த் திட்டத் தண்ணீரையோ, இயந்திரத்தில் வடிகட்டி உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரையோ எடுங்கள். குளிக்க, துணி தோய்க்கக் கிணறு போதும்.

மாரி வெள்ளம் கிணற்றுக் கட்டைத் தாண்டியிருந்தால், இறைத்துக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோகாதீர்கள். போட்ட பிறகும் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரில் சத்து இல்லையாமே?

கனியுப்பு குறைவுதான். பிள்ளைக்குக் கனியுப்பு பாலிலும் சோற்றிலும் மீனிலும் கிடைக்கும், தண்ணீரில் எதிர்பார்க்க வேண்டாம். கவலைப்பட வேண்டியது கானைப் பற்றி. 20 லீற்றர்க் கானின் உள்ளே கையை விட்டுத் தேய்க்க முடியாது, அடியில் வழுவழுப்புப் படிந்திருக்கும். இயந்திரத்திலிருந்து சுத்தமாக வந்த தண்ணீர் அதில் விழுந்து கெடுகிறது. ஆகவே ஆர்.ஓ. தண்ணீரையும் ஒரு வயது வரை கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். கானை வெயிலில், மோட்டார்சைக்கிள் நிற்கும் இடத்தில் வைக்காதீர்கள். கூரையில் இருக்கும் கறுப்புத் தாங்கியிலிருந்து மத்தியானம் வரும் தண்ணீர் கை சுடும். அதை நேரே பிள்ளைக்குக் குடிக்கவோ குளிக்கவோ எடுக்க வேண்டாம்.

முதல் கோப்பை எப்படியிருக்க வேண்டும்?

சின்னது, மூடியில்லாதது, விளிம்பு மெல்லியது. 50 அல்லது 60 மி.லீ. பிடிக்கும் சில்வர்க் கோப்பை கடையில் இருக்கிறது. காய்ச்சல் மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் கோப்பையிலும் தொடங்கலாம். கண்ணாடியும் பீங்கானும் இந்த வயதுக்கு இல்லை. சில்வரில் விளிம்பு மடித்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், மலிவான சிலவற்றில் அது கீறும்.

வீட்டில் இருக்கும் பெரிய தம்ளரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பழக்குவதுதான் எல்லோரும் செய்வது, பழக்கம் முறிவதும் அங்கேதான். தண்ணீர் வாய்க்கு வரவேண்டுமென்றால் தம்ளரைக் கவிழ்க்க வேண்டும். பிள்ளையின் மூக்கு விளிம்பில் இடிக்கும், தலை அண்ணாரும், அண்ணாந்த தொண்டையில் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து புரையேறும். சின்னக் கோப்பையில் முக்கால்வாசி நிரப்பினால் கொஞ்சம் சரித்தாலே உதட்டுக்கு வந்துவிடும், தலை நேராகவே இருக்கும். கூடுதலாக நிரப்பினால் கூடுதலாகச் சிந்தும் என்று நினைப்போம். உண்மை எதிர்மாறு.

வீட்டில் மூக்குப்பேணி இருக்கிறது. அதில் பருக்கலாமா?

வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்கு வார்த்த பேணி அது. பெரியவர்களுக்கு நல்ல வழக்கம். பிள்ளைக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது, மூக்கால் ஊற்றினால் அளவும் உங்கள் கையில் நிற்காது. 3 வயது தாண்டட்டும். பித்தளைப் பேணியில் மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் யாருக்கும் வேண்டாம், புளிப்பில் செம்பு கரையும். பாலாடையும் சங்கும் அப்படியே: படுக்கவைத்து ஊற்றும் பழக்கத்தால்தான் அவற்றில் புரையேறுகிறது.

சரி, எப்படிப் பழக்குவது?

பிள்ளை தலையை நிமிர்த்தி, கொஞ்சம் பிடித்தால் உட்காரக்கூடியதாக இருக்க வேண்டும். அது 6 மாதமளவில், சாப்பாடு தொடங்கும் காலத்திலேயே வரும். நித்திரை தூங்கும் நேரமும் பசி உச்சத்தில் அழும் நேரமும் வேண்டாம். சாப்பாட்டின் நடுவில், இரண்டு வாய் உண்டபின் நல்ல நேரம்.

மடியில் நேராக இருத்துங்கள். முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருந்தால் அது பின்னால் சரியாது. கைகள் கோப்பையைத் தட்டும் பிள்ளை என்றால் ஒரு துவாயால் கையைச் சேர்த்துச் சுற்றலாம், முதல் சில நாளைக்கு மட்டும்.

கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் வையுங்கள். ஈறின் மேலோ நாக்கின் மேலோ அல்ல, உதட்டில். மேலுதடு நனையும் வரை சரியுங்கள், அங்கேயே நிறுத்துங்கள். ஊற்றாதீர்கள். பிள்ளை நாக்கை நீட்டி நக்கும், பிறகு மேலுதட்டை இறக்கி உறிஞ்சும். அந்த இரண்டு மூன்று விநாடி பொறுப்பதுதான் முழு வித்தையும். ஒரு மிடறு போனதும் கோப்பையை நிமிர்த்துங்கள், விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. ஒரு தடவைக்கு நாலைந்து மிடறு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை.

பச்சைத்தண்ணீர் வேகமாக ஓடும். கொஞ்சம் தடித்த திரவத்தைப் பிள்ளையால் வாய்க்குள் சமாளிப்பது சுலபம். ஆகவே முதல் கிழமை நீர்க்கஞ்சியையோ, கொதித்தாறிய நீரில் தளரக் கரைத்த பப்பாப்பழத்தையோ கோப்பையில் கொடுத்துப் பழக்கினால் புரையேறுவது குறையும்.

ஒரு வயதில் நீங்கள் பிடிக்க, மூடியில்லாத கோப்பையில் குடிக்கும். ஒன்றரை வயதில் தானே பிடித்துக் குடிக்கும், சிந்தும். சிந்தாமல் குடிப்பது 2 வயதுக்குப் பிறகுதான்.

எல்லாம் வாயால் வழிகிறது. இருமுகிறது. விளிம்பைக் கடிக்கிறான். கோப்பையை எறிகிறாள்.

வழிவது இயல்பு. மேலுதடு மூடப் பழகும்வரை பாதிக்கு மேல் வெளியேதான் போகும். கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிவிட்டுத் தொடருங்கள்.

இருமினால் கோப்பையை எடுங்கள், உடம்பை முன்னால் சரியுங்கள், இருமி முடிக்க விடுங்கள். முதுகில் ஓங்கித் தட்டவும் வேண்டாம், வாய்க்குள் விரல் விடவும் வேண்டாம். எப்போதாவது இருமுவது பழகும் வழி. ஒவ்வொரு தடவையும் இருமினாலோ, குடித்தபின் குரல் கரகரத்தாலோ, தண்ணீர் மூக்கால் வந்தாலோ அது வேறு, டொக்டரிடம் காட்டுங்கள்.

விளிம்பைக் கடிப்பது தாடையை நிலைநிறுத்தத்தான். 2 வயதுக்குள் தானாக நிற்கும். மெல்லிய பிளாஸ்ரிக் என்றால் கடித்துத் துண்டாக்கும், மாற்றுங்கள்.

எறிந்தால், "காணும்" என்கிறது. எடுத்து வைத்துவிடுங்கள், மறுபடி நீட்டாதீர்கள்.

மூடியும் மூக்கும் வைத்த சிப்பர் கப்தான் கடையில் நிறைய. வாங்கலாமா?

பிரயாணத்துக்கு ஒன்று இருக்கட்டும், முழுநேரக் கோப்பையாக வேண்டாம். வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் வாங்குங்கள், சொட்டாவிட்டால் விடுங்கள். சொட்டாதபடி உள்ளே ஒரு வால்வு இருக்கும், அதைத் திறக்கப் பிள்ளை பலமாகச் சூப்ப வேண்டும். அப்படியென்றால் அதுவும் சூப்பிப் போத்தல்தான். உதட்டை மூடி மிடறாகக் குடிக்கும் பழக்கம் அதில் வராது.

ஸ்ட்ரோ வைத்தது அதைவிட நல்லது. 9 மாதமளவில் பழக்கலாம். ஸ்ட்ரோவைத் தண்ணீரில் அமிழ்த்தி மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்குங்கள், உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதன் நுனியைப் பிள்ளையின் உதட்டுக்குள் வைத்து, உதடு மூடியதும் விரலை எடுங்கள். சில தடவையில் உறிஞ்சப் பிடிபடும். ஸ்ட்ரோ நாக்கின் நடுவரை போகக்கூடாது, உதட்டைத் தாண்டிச் சற்று உள்ளே நின்றால் போதும். நீளமென்றால் வெட்டுங்கள்.

எதை வாங்கினாலும் எத்தனை துண்டாகக் கழல்கிறது என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். வால்வு, வளையம், மூடியின் மடிப்பு ஆகிய இடங்களில்தான் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். கழற்ற முடியாத மூடியை வாங்கவே வேண்டாம். ஒவ்வொரு பாவனைக்குப் பின்னும் எல்லாவற்றையும் கழற்றி, சவர்க்காரத்தோடு தூரிகையால் தேய்த்து, வெயில்படக் காயவையுங்கள். ஈரத்தோடு பூட்டி வைத்தால் மறுநாளே வாடை வரும். பூஞ்சணம் ஊறிய சிலிக்கன் துண்டைக் கொதிக்கவைத்தும் பயனில்லை, எறியுங்கள். மூடியில்லாத சில்வர்க் கோப்பைக்கு இந்த வேலை ஒன்றுமே இல்லை.

இரவில் போத்தல் இல்லாமல் நித்திரை கொள்ளமாட்டாள். ஒன்றரை வயது.

போத்தலை 12 மாதத்தில் குறைக்கத் தொடங்கி 18 மாதத்துக்குள் நிறுத்த வேண்டும். பகல் போத்தலை முதலில் கோப்பைக்கு மாற்றுங்கள், இரவுப் போத்தல் கடைசி. அதில் பால் இருப்பதுதான் பல்லை அரிக்கிறது: நித்திரையில் உமிழ்நீர் குறையும், பால் மேல்முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். பாலைப் படுக்கைக்குமுன் கோப்பையில் கொடுத்துப் பல்லைத் துலக்குங்கள். போத்தல் கேட்டால் தண்ணீர் மட்டும். நாலைந்து இரவு அழும். வீட்டில் அப்பம்மா இரக்கப்பட்டு ஒருநாள் கொடுத்தால் கணக்குத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும், ஆகவே தொடங்குமுன் அவருடன் பேசிவிடுங்கள்.

நாலரை மாதத்தில் ஆடைத் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். போத்தல் இல்லாமல் முடியுமா?

முடியும். பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பிறந்த குழந்தைக்கும் சின்னக் கோப்பையில் கொடுக்கலாம். முறை மேலே சொன்னதுதான்: நிமிர்த்திப் பிடித்து, விளிம்பை உதட்டில் வைத்து, பிள்ளையே நக்கி எடுக்க விட வேண்டும். ஊற்றக்கூடாது. பார்த்துக்கொள்பவர் நீங்கள் வேலைக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே பழக வேண்டும். தாயின் வாசம் கிட்ட இருந்தால் பிள்ளை கோப்பையை மறுக்கும், கொடுக்கும் நேரம் நீங்கள் வெளியே போங்கள்.

பிழிந்த பாலை மூடிய சுத்தமான பாத்திரத்தில், வெயில் நாளில் 3 மணித்தியாலத்துக்குமேல் வெளியே வைக்க வேண்டாம், எக்காரணம் கொண்டும் 4ஐத் தாண்டக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியில், கதவில் அல்லாமல் உள்தட்டில், 4 நாள் இருக்கும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் இடமென்றால் 4 நாளை நம்பாதீர்கள். சூடாக்குவது வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மட்டும், அடுப்பில் அல்ல. குடித்து மிஞ்சியதை மறுபடி கொடுக்க வேண்டாம்.

இளநீர், மோர், யூஸ், தேத்தண்ணி, பசுப்பால்?

இளநீர்: 6 மாதத்துக்குப் பின் இடைக்கிடை சில மிடறு, வெட்டியவுடன். வெட்டி வைத்து மாலையில் கொடுப்பதில்லை. தண்ணீருக்குப் பதிலாக அல்ல.

தேத்தண்ணி வேண்டாம், பாலில் கலந்தும் வேண்டாம், பிஸ்கட்டைத் தோய்த்தும் வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தச்சோகைப் பிள்ளையின் தாயிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

பசுப்பாலும் முழுஆடைப் பால்மாவும் பானமாக ஒரு வயதுக்குப் பின். அதன் பிறகும் நாளுக்கு 500 மி.லீ.க்கு மேல் போனால் சாப்பாடு குறையும், இரும்பும் குறையும். தாய்ப்பால் தொடரும் பிள்ளைக்குப் பால்மா கட்டாயமில்லை.

மோர்: ஒரு வயதை நெருங்கும்போது, உப்பில்லாமல், கொதித்தாறிய நீரில் அடித்தது. யூஸ் ஒரு வயதுக்குமுன் இல்லை, பின்னும் நாளுக்கு 120 மி.லீ.க்கு மேல் வேண்டாம். சோடா எந்த வயதிலும் இல்லை.

தண்ணீரைக் கண்டாலே முகம் திருப்புகிறான்.

சீனி கலந்து பழக்காதீர்கள், பிறகு வெறும் தண்ணீர் இறங்காது. சாப்பாட்டில் நீரைக் கூட்டுங்கள்: தளர்ந்த குரக்கன் கஞ்சி, சொதி விட்டுப் பிசைந்த இடியப்பம், வெள்ளரிப்பழம், வத்தகைப்பழம் விதை எடுத்து, நுங்கு தோல் சீவி மசித்து. ஒரு தடவைக்கு நிறையக் கொடுக்க முயலாமல், விளையாட்டின் நடுவே மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு மிடறு நீட்டுங்கள். மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி சில பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கொதித்தாறியதைத்தான் பானையில் ஊற்ற வேண்டும், பானையையும் கழுவிக் காயவைக்க வேண்டும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் பிள்ளையைக் கொண்டுபோகிறோம்.

கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், இரண்டு சின்னப் போத்தலாக. ஒன்று திறந்து கெட்டாலும் மற்றது இருக்கும். தண்ணீர்ப்பந்தலில் கொடுக்கும் சர்க்கரைத் தண்ணீரும் மோரும் பெரியவர்களுக்கு. அதில் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததென்று யாருக்கும் தெரியாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையை ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை நிழலில் இருத்திப் பால் கொடுங்கள். வெயில் படாமலிருக்கத் தடித்த துணியால் முழுக்க மூடினால் உள்ளே வெக்கை கூடும். குடையும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். பூட்டிய வாகனத்துக்குள் ஐந்து நிமிடம்கூடப் பிள்ளையை விட்டுப் போகாதீர்கள்.

வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. என்ன கொடுப்பது?

ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பும் குளுக்கோசும் கலந்த தூள். பைக்கற்றில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில், வழக்கமாக 1 லீற்றர், முழுப் பைக்கற்றையும் ஒரேயடியாகக் கரையுங்கள். பாதி பாதியாகப் பிரித்துக் கரைத்தால் உப்பும் குளுக்கோசும் சமமாகப் பிரியாது. சீனி, யூஸ் எதுவும் சேர்க்க வேண்டாம். கரைத்து 24 மணித்தியாலம் கழிந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போனபின்னும், 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மி.லீ., அதற்கு மேற்பட்டால் 100 முதல் 200 மி.லீ. கரண்டியால் அல்லது கோப்பையில் மிடறு மிடறாக. சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, கஞ்சியையும் நிறுத்த வேண்டாம். நாகம் (சிங்க்) மருந்து வழக்கமாக 10 முதல் 14 நாளுக்குக் கொடுப்பார்கள், ஓட்டம் நின்றாலும் முடிக்க வேண்டும்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வயிற்றோட்டத்தில் இழப்பது சோடியம். ஆகவே அது ஜீவனிக்கு ஈடாகாது. வெறும் தண்ணீரும் குளுக்கோஸ் தண்ணீரும் அப்படியே.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

6 மணித்தியாலமாகச் சலம் போகவில்லை. அழுதால் கண்ணீர் இல்லை. கண் குழி விழுந்திருக்கிறது, உச்சிக்குழி பள்ளமாக இருக்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே விரியாமல் மடிந்தே நிற்கிறது. பறந்து பறந்து குடிக்கிறது, அல்லது குடிக்கவே முடியாமல் துவண்டு கிடக்கிறது. மலத்தில் இரத்தம். குடித்ததெல்லாம் சத்தி. இவற்றில் ஒன்று கண்டாலும் போங்கள். 3 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் இவற்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

துவண்ட பிள்ளையை மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு மாங்குளம் வரை ஓடுவதைவிட 1990ஐ அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. பிள்ளை விழித்திருந்து விழுங்குமானால், வரும்வரையும் வழியிலும் ஜீவனியைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே இருங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிளினிக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். அதில் கடைசி நிறை இருக்கும், எவ்வளவு நீர் இழந்திருக்கிறது என்று டொக்டர் அதைவைத்துத்தான் கணக்கிடுவார்.